எங்கள் பள்ளியின் ‘ஐஸ் ரூம்’

பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் மைதானத்தின் ஓரத்தில் பழைய சத்துணவுக் கூடம் ஒன்று இருக்கிறது. புதிய சமையலறை கட்டப்பட்ட பிறகு பல ஆண்டுகள் பூட்டியே இருந்த அந்தக் கூடத்தில் கால் உடைந்த பெஞ்சுகளும் கிழிந்த வாலிபால் வலைகளும் அடைந்து கிடந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதைச் சுத்தம் செய்து, விளையாடும் பிள்ளைகளுக்குக் காயம் பார்ப்பதற்கும், காயம் ஆறிய பின் உடம்பைத் தேற்றி மைதானத்துக்குத் திருப்பி அனுப்புவதற்குமான அறையாக மாற்றினோம். வாசலில் ‘விளையாட்டுக் காயப் பராமரிப்பு அறை’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம். பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ‘ஐஸ் ரூம்’. வேறு பள்ளிகளில் பணிபுரியும் உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர், இதுபோல் ஒன்றை எப்படி அமைப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அந்த அறை உருவாகக் காரணம் நான் செய்த ஒரு தவறு. குறுவட்ட அளவிலான கபடிப் போட்டியின் அரையிறுதியில், எங்கள் அணியில் நன்றாகப் பாடிச் செல்லும் பதினோராம் வகுப்பு மாணவனின் கணுக்காலை எதிரணிக்காரன் பிடித்து மடக்கினான். விழுந்தவன் எழுந்து நொண்டினான். நான் வலி ஸ்ப்ரேயை அடித்து, க்ரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, “ஆட முடியுமாடா?” என்று கேட்டேன். “முடியும் டீச்சர்” என்றான். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். மறுநாள் காலை அவனுடைய கால் செருப்புக்குள் நுழையவில்லை. தருமபுரியில் எக்ஸ்ரே எடுத்தபோது வெளிக் கணுக்கால் எலும்பில் விரிசல் தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தக்காளி மண்டியில் சுமை தூக்கும் அவனுடைய அப்பா, மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்த நாட்களில் கூலியையும் இழந்தார். என்னிடம் அவர் கோபப்படவே இல்லை. “நீங்க பாத்துக்குவீங்கன்னுதான டீச்சர் அனுப்பறோம்” என்று மட்டும் சொன்னார்.

பல நாட்கள் யோசித்த பிறகு, நான் கேட்ட கேள்வியே கோணல் என்று புரிந்தது. வெற்றியை விரும்பும் ஆசிரியை, வெற்றியை விரும்பும் மாணவனிடம், ஆட்டத்தின் நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் வரும். காயத்தைப் பார்ப்பவளும் அணியைத் தேர்ந்தெடுப்பவளும் ஒருத்தியாகவே இருந்ததுதான் கோளாறு. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இந்த வேலைக்கென்றே ‘அத்லெட்டிக் டிரெய்னர்’ என்ற பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார்; அத்தொழிலுக்கான தேசியச் சங்கம் அங்கே 1950இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. நமது அரசுப் பள்ளியில் அப்படியொரு பணியிடம் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளின் வேலையை ஓர் அறையும், ஒரு நோட்டும், நானே மீற முடியாத இரண்டு மூன்று விதிகளும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சமையலறையாக இருந்த கட்டடம் இதற்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தரைத்தளம்; உள்ளேயே குழாய்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வடிந்து ஓடும் சரிவான தரை; புகை வெளியேறுவதற்காக உயரத்தில் வைத்த காற்றுத் துளைகள். காயம் பார்க்கும் அறைக்குத் தேவையானவற்றில் பாதி ஏற்கெனவே இருந்தது. கரி படிந்த சுவர்தான் பாடாய்ப் படுத்தியது. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் கறுப்பு மேலே வந்துகொண்டே இருந்ததால், கடைசியில் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. வாசற்படியை இடித்துச் சாய்தளம் அமைத்தோம். ஸ்ட்ரெச்சர் தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காகக் கதவை நான்கு அடிக்கு அகலப்படுத்தினோம். மைதானத்தைப் பார்த்த கதவைத் தவிர, சாலைப் பக்கம் திறக்கும் இன்னொரு கதவும் இருப்பதால், 108 ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வளைந்து வரத் தேவையில்லை.

படுக்கை மேசை இரண்டும் உடைந்த பெஞ்சுகளின் பலகைகளில் செய்தவை. முப்பது அங்குல உயரம் ஒன்று, முப்பத்தாறு அங்குல உயரம் ஒன்று. தாழ்ந்தது படுக்க வைத்துப் பார்ப்பதற்கு; உயர்ந்தது உட்கார வைத்துக் கணுக்காலுக்கு டேப் சுற்றுவதற்கு. ஒரே உயரத்தில் செய்தால் நாளொன்றுக்குப் பத்துப் பிள்ளைகளுக்குக் குனிந்து கட்டுப் போடுபவருக்கு முதுகு போய்விடும். மேலே ரெக்சின் போர்த்தியிருக்கிறோம், ஏனென்றால் வெறும் மரப்பலகை வியர்வையையும் ரத்தத்தையும் குடித்துவிடும். மேசைகளைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இருபுறமும் ஆள் நடக்கும்படி விட்டிருக்கிறோம். படுத்திருப்பவரின் முகம் மைதானத்திலிருந்து தெரியாதபடி தலைமாட்டை உள்பக்கமாகத் திருப்பியிருக்கிறோம். வலியில் அழும் முகத்தை அணி முழுவதும் எட்டிப் பார்க்கும் இடத்தில், அடுத்த முறை எந்தப் பையனும் வலிக்கிறது என்று சொல்ல வரமாட்டான். அதே காரணத்துக்காகப் பந்து, வலை, ஸ்டம்பு எதையும் இந்த அறையில் வைப்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருவர் கதவைத் திறப்பார்.

ஐஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அறைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். முன்னாள் மாணவர் ஒருவர் தமது கடையில் ஓரங்கட்டியிருந்த பழைய ஃப்ரீஸரைக் கொடுத்தார். கழுவிய ஆவின் பால் பாக்கெட்டுகளில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிக் கட்டி உறைய வைக்கிறோம். அரை லிட்டர் பாக்கெட் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அளவாகப் பொருந்துகிறது. மின்தடை நாட்களுக்காக உமி நிரப்பிய மரப்பெட்டி ஒன்றும் உண்டு; துணியில் சுற்றி உமிக்குள் புதைத்த பாக்கெட் மாலைவரை தாங்குகிறது. தோலின்மேல் நேராக வைக்காமல் ஈரத்துணி சுற்றி, பதினைந்து முதல் இருபது நிமிடம்தான் வைக்க வேண்டும். குச்சி ஐஸ்காரர் உப்புப் போடுவதைப் பார்த்திருந்த ஒரு மாணவன், சில்லிப்புக் கூடட்டும் என்று ஐஸில் உப்பைக் கலந்து முழங்காலில் வைத்து, தோல் வெளுத்து எரிச்சலோடு வந்து நின்றான். உப்பு கலந்தால் ஐஸின் குளிர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கித் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதை அன்று இயற்பியல் ஆசிரியரே வந்து விளக்கினார்.

ஐஸ் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். 1978இல் கேப் மிர்கின் என்னும் அமெரிக்க மருத்துவர், ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரைஸ்’ என்று ஒரு முறையைச் சொன்னார். உடற்கல்விப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்ததும் அதுதான். 2014இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகவே இப்போது எங்கள் அறையில் முதல் சில மணி நேரம் வலியைத் தணிப்பதற்கு மட்டுமே ஐஸ் வைக்கிறோம். இரண்டு மூன்று நாட்களில் வலி பொறுக்கும் அளவுக்குக் காலை அசைக்கச் சொல்கிறோம். ஸ்ப்ரேயை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டேன். அது வலியைச் சற்று நேரம் மறக்கடிக்கிறது, அவ்வளவுதான். அன்று என் கையிலிருந்த ஸ்ப்ரே செய்ததும் அதைத்தான்.

கணுக்கால் பிசகினால் எலும்பு போயிருக்குமா என்று எக்ஸ்ரே இல்லாமலே ஓரளவு ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டது. கணுவின் இருபக்க எலும்புகளிலும், நுனியிலிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர் வரை பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு பாதத்தின் வெளியோரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பையும் அழுத்த வேண்டும். இவற்றில் எங்கே அழுத்தினாலும் எலும்பில் வலித்தாலோ, நான்கு காலடி எடுத்து வைத்து நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட வேண்டும். நொண்டிக்கொண்டு நடந்தாலும் நான்கு அடி, நான்கு அடிதான். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு எளிதில் காயப்படக்கூடியது என்பதால், சந்தேகம் வந்தாலே அனுப்பிவிடுகிறோம். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அரையிறுதி அன்று என்னிடம் இரண்டு நிமிடம் இருந்தது.

இனி நோட்டு. நீளமான கணக்கு நோட்டில் தேதி, பெயர், வகுப்பு, என்ன விளையாட்டு, எந்த இடத்தில் காயம், எப்படி நடந்தது, என்ன செய்தோம், பெற்றோரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று கட்டங்கள் இருக்கின்றன. கடைசிக் கட்டத்தில் இரண்டே நிறங்கள். ஆடக்கூடாது என்றால் சிவப்பு மை. ஆடலாம் என்றால் பச்சை மை. சிவப்பை நான் எழுதலாம். பச்சையை நான் எழுதக் கூடாது. எலும்பு, தலை, முழங்கால் காயங்களுக்கு மருத்துவரின் சீட்டு வந்த பிறகும், சிறு சுளுக்குகளுக்கு வலியில்லாமல் ஓடி, வளைந்து திரும்பி, ஒற்றைக்காலில் பத்து முறை குதித்துக் காட்டிய பிறகும், உயிரியல் ஆசிரியைதான் பச்சை மையில் தேதியை எழுதுவார். அவருக்குக் கபடியில் துளியும் ஆர்வம் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதல் தகுதி.

நோட்டு எழுதத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சில விஷயங்கள் தெரிந்தன. கணுக்கால் பிசகியவர்களில் பலர் மைதானத்தின் ஒரே மூலையைச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், மழைநீர் அரித்த பள்ளத்தைப் புல் மூடியிருந்தது. இரண்டு டிராக்டர் செம்மண்ணோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வாலிபால் பிள்ளைகளில் பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்கள் முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பில் வலி என்று வந்துகொண்டிருந்தார்கள். அது வேகமாக வளரும் வயதில், தொடைத்தசையின் நார் எலும்பை இழுக்கும் இடத்தில் வருவது. தாவிக் குதிக்கும் பயிற்சியைக் குறைத்தாலே பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகிறது.

தலையில் அடிபட்டவர்களுக்கு நோட்டில் தனிப் பக்கம். கபடியில் இருவர் தலை முட்டிக்கொண்டால், முகத்தில் தண்ணீர் தெளித்து, எழுப்பி உட்கார வைத்து, அடுத்த ஆட்டத்துக்கு இறக்கிவிடுவதுதான் நான் படித்த காலத்திலிருந்து வழக்கம். மூளை அதிர்ச்சிக்கான அறிகுறி ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. எத்தனை பேர் கெஞ்சினாலும் இதில் சலுகை இல்லை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்பாவை பெரிதாகத் தெரிதல் ஆகிய ஆபத்து அறிகுறிகளை ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். அதைப் பெற்றோர் கையில் கொடுத்துத்தான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

வெயில் இன்னொரு பெரிய கவலை. மாசி, பங்குனியில் ஆண்டு விளையாட்டு விழா வைக்கும் பள்ளிகள் நமது மாவட்டத்தில் ஏராளம். காலையில் விருந்தினர் வரத் தாமதமாகி, 1500 மீட்டர் ஓட்டம் உச்சிவெயிலுக்குத் தள்ளிப்போவதும் வாடிக்கை. ஓடும் பிள்ளை உளறத் தொடங்கினாலோ தள்ளாடி விழுந்தாலோ, உடம்பு வியர்த்திருந்தாலும்கூட, உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது முதல் வேலை 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பைக் குளிர்விப்பது. அதற்காக நெல் காயப்போடும் தார்ப்பாய் ஒன்றை மடித்து வைத்திருக்கிறோம். பிள்ளையை அதன் நடுவில் கிடத்தி, நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டில்போல் பிடித்துக்கொள்ள, தண்ணீரையும் ஐஸையும் உள்ளே கொட்டி, ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் தண்ணீரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சாரண மாணவர்களைக் கொண்டு இதை ஒத்திகை பார்க்கிறோம். தார்ப்பாயில் படுக்கப் போட்டியே நடக்கும்.

குடிக்கவும் ஐஸ் உறைய வைக்கவும் ஒகேனக்கல் குடிநீரைத்தான் எடுக்கிறோம். பள்ளி ஆழ்துளைக் கிணற்றை இதற்குத் தொடுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அதுவே முக்கியக் காரணம் என்பதும் இந்தப் பக்கத்தார் அறிந்தவை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிநீராக ஏற்பதில்லை. அதிக ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால், பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளை, மூட்டு இறுகுகிறது, முதுகு வளையவில்லை என்று சொன்னால், சோம்பேறித்தனம் என்று அதட்டி வளைக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். நான் அதட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

படர்தாமரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கபடி அணியில் ஒருவனுக்கு வந்தால் ஒரே மாதத்தில் நான்கு பேருக்கு வந்துவிடுகிறது. ஒரே துண்டு, ஒரே முழங்கால் உறை, ஈரம் காயாத பனியன். பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருந்தால், முதலில் அரிப்பு அடங்கிப் பின்னர் இரட்டிப்பாகப் பரவும். ஆளுக்கொரு துண்டு என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு, மேசை செய்ததைவிட அதிகப் பாடுபட்டேன்.

சிராய்ப்புகளுக்கு ஓடும் தண்ணீரும் சோப்பும்தான் முதல் மருந்து. மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பிக்கொண்டு வருபவர்களைக் கழுவவே நேரம் போகிறது. ரத்தம் பட்ட பஞ்சை விறகடுப்பில் போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளில் பள்ளி முதலுதவி அறைகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் சேர்த்து வைப்பதை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் வாங்கிக்கொள்கிறார்.

எங்கள் ஊரில் சுளுக்கு வழிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளை விழுந்ததும் பெற்றோர் முதலில் போகும் இடம் அவர் வீட்டுத் திண்ணைதான். அவரைப் பகைத்துக்கொண்டு இந்த அறையை நடத்த முடியாது, நடத்தவும் விரும்பவில்லை. ஒரு நாள் அவரை அழைத்து, தேநீர் கொடுத்து, அந்த ஆறு சென்டிமீட்டர் சோதனையை என் காலிலேயே காட்டினேன். “எலும்புல வலின்னா நானும் கை வைக்க மாட்டேம்மா, எனக்கும் பேரு கெட்டுரும்” என்றார். அதற்குப் பிறகு அவரே இரண்டு பிள்ளைகளை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பெண் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் வரவே இல்லை. தொடையிலோ இடுப்பிலோ வலி என்றால், பையன்கள் குறுக்கும் நெடுக்கும் போகும் அறையில் எப்படிச் சொல்வார்கள்? திரை போட்டு, வாரத்தில் இரண்டு மாலைகளைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பிறகுதான் நோட்டில் அவர்களுடைய பெயர்கள் ஏறத் தொடங்கின. ஆணோ பெண்ணோ, எந்தப் பிள்ளையையும் கதவை மூடிக்கொண்டு தனியாகத் தொட்டுப் பார்ப்பதில்லை. இன்னொரு பெரியவர் உடன் இருக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்து, காத்திருக்கச் சொல்கிறேன்.

சென்ற குறுவட்டப் போட்டிக்கு மூன்று நாட்கள் முன்பு எங்கள் அணித்தலைவனுக்குக் கணுக்கால் பிசகியது. எலும்பில் வலி இல்லை. நான்கு அடி நடந்தான். சிவப்பு மையில் நானே எழுதினேன். போட்டி நாள் காலையில் வீக்கம் வடிந்திருந்தது, நன்றாகவே நடந்தான், இறுதிப் போட்டியில் எதிரே நின்றது சென்ற ஆண்டு எங்களைத் தோற்கடித்த பள்ளி. உயிரியல் ஆசிரியையை ஓரமாக அழைத்து, ஒருமுறை குதிக்க வைத்துப் பார்க்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். பார்த்தார். ஐந்தாவது குதிப்பில் அவன் முகம் சுளித்தது எனக்கும் தெரிந்தது, ஆனால் தெரியாததுபோல் நின்றேன். “பேனா என்கிட்ட இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு அவர் நோட்டை மூடினார். நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். திரும்பும் வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவன் பத்துக் குதிப்பையும் முகம் சுளிக்காமல் முடித்தான். உயிரியல் ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பச்சை மையில் தேதியை எழுதினார்.